செப்டெம்பர் 20 அன்று திருகோணமலையில் மழை பெய்ததா? பழைய வானிலைப் பதிவை வாசிக்கும் முறை

ஒரு பழைய திகதியைக் கொடுத்தால் அன்றைய வானிலையைச் சொல்லிவிடும் இணையத்தளங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. ஊருக்கு வர டிக்கெட் பார்க்கும் வெளிநாட்டு உறவினர், கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர், நிலாவெளியில் அறை வாடகைக்கு விடுபவர் என்று பலரும் அதைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் வாக்குவாதம் தொடங்கும். செப்டெம்பர் 20ஆம் திகதி திருகோணமலைப் பக்கம் மழை பெய்ததா என்று கேட்டால் கடலோர உப்புவெளிக்காரர் "ஒரு துளி இல்லை" என்பார். கந்தளாய்க்காரர் "காயப்போட்ட நெல்லெல்லாம் நனைஞ்சு போச்சு" என்பார். போனைத் திறந்தவர் "2.1 மில்லிமீற்றர், பகுதி மேகமூட்டம்" என்று வாசிப்பார். மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்க முடியும்.

அந்தப் பதிவு வரியை ஏதோ ஒரு கமரா நாள் முழுக்கப் படம் பிடித்து எழுதிய அறிக்கை போல நாம் பேசுகிறோம். உண்மையில் அது பல துண்டுகளை ஒட்டிச் செய்த வரி. ஒவ்வொரு துண்டுக்கும் தனி நேரம், தனி இடம், தனி அளவு முறை உண்டு. அந்தத் துண்டுகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வாக்குவாதம் பாதி குறையும். கணக்கு என்று பார்த்தால் கூட்டலும் வகுத்தலும் போதும்.

இலையுதிர் காலம் யாருக்கு?

பல தளங்கள் செப்டெம்பர் 20ஐத் தேடினால் மேலே "இலையுதிர் காலத் தொடக்கம்" என்று ஒரு தலைப்பைப் போட்டுவிடும். அது பூமியின் வட பாதி முழுவதுக்கும் இயந்திரம் ஒட்டும் சீட்டு. செப்டெம்பர் 22 அல்லது 23இல் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும். அன்று உலகெங்கும் பகலும் இரவும் ஏறத்தாழ சமம். ஐரோப்பாவில் அதன் பிறகு பகல் மளமளவென்று குறையும், குளிர் வரும், இலை உதிரும்.

திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்பது ஓகஸ்ட் கடைசி நாட்களில். அதாவது அந்தத் தளம் "இலையுதிர் காலம்" என்று எழுதும் நேரத்தில் நமக்கு உச்சி வெயில் போய் மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். செப்டெம்பர் 20இல் சூரியன் காலை 6 மணிக்குச் சற்று முன் உதித்து மாலை 6 மணியை ஒட்டி மறைகிறது. வெயிலில் குறை ஒன்றும் இல்லை.

நம் நாட்டில் வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்கு பருவமாகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. ஆக செப்டெம்பர் 20 என்பது ஒரு பருவத்தின் வால். அடுத்த பருவத்தின் தலை அதில் கொஞ்சம் தெரியத் தொடங்கியிருக்கும். ஒரு நாள் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடித்துக் காயும், மறுநாள் மாலை இடி முழங்கும். இப்படி இரண்டு முகம் உள்ள நாட்களில்தான் பதிவை வாசிப்பதில் குழப்பமும் அதிகம் வருகிறது.

கடைக் கணக்கும் மழைக் கணக்கும்

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி இரவு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் காலை எட்டரைக்கு வந்து பெட்டியைத் திறந்து, நேற்றுக் காலை எட்டரையிலிருந்து சேர்ந்த காசை எண்ணி, கொப்பியில் இன்றைய திகதி போட்டு எழுதுவார். நேற்று மாலை நீங்கள் வாங்கிய சாமானின் காசு அந்தக் கொப்பியில் இன்றைய வருமானம். ஏமாற்று ஒன்றும் இல்லை, அவர் கணக்கு முடிக்கும் நேரம் அது.

மழைமானியும் அப்படித்தான். மழைமானி என்பது ஒரு புனலும் அதன் அடியில் ஒரு கொள்கலனும். 24 மணிநேரத்தில் விழுந்த நீர் அதில் சேரும். இலங்கையில் காலை 8.30க்கு அதை அளந்து பதிகிறார்கள். ஏன் எட்டரை? உலக வானிலை நிலையங்கள் எல்லாம் கிரீன்விச் நேரத்தை அடிப்படையாக வைத்து ஒரே கணத்தில் அவதானிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கிரீன்விச்சில் அதிகாலை 3 மணி என்றால் நமக்கு எட்டரை.

இதன் விளைவை செப்டெம்பரில் பாருங்கள். இந்தக் காலத்தில் கிழக்கு மாகாணத்துக்கு வானொலியில் வரும் முன்னறிவிப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: "மாலையில் அல்லது இரவில் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யலாம்." மாலை, இரவு என்பதைக் கவனியுங்கள். 19ஆம் திகதி இரவு 9 மணிக்கு ஒரு மணிநேரம் கொட்டிய மழை 20ஆம் திகதி காலைதான் அளக்கப்படும். பெரும்பாலான பதிவேட்டில் அது 20ஆம் திகதியின் மழை. 20 அன்று பகல் முழுவதும் பளிச்சென்று வெயில் அடித்திருக்கும். உப்புவெளிக்காரர் அடித்துச் சொல்வார், ஒரு துளி இல்லை என்று. அவர் பகலைச் சொல்கிறார், பதிவு முந்தைய இரவைச் சொல்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலகளவில் தரவைச் சேர்த்து வைப்பவர்களில் சிலர் இந்த மழையை அளந்த நாளுக்கே வைக்கிறார்கள். சிலர் ஒரு நாள் பின்னால் தள்ளி, பெய்த நாளுக்கு மாற்றுகிறார்கள். இரண்டு தளங்களில் ஒரே மழை இரண்டு திகதியில் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மழை அளவு பற்றி ஒரு வார்த்தை. 1 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் தரையில் 1 லீற்றர் நீர். 20 மில்லிமீற்றர் பெய்தால் முற்றத்தில் விரித்த பத்துச் சதுர மீற்றர் படங்கில் 200 லீற்றர் விழுந்திருக்கும். சிறுபோக நெல்லைக் காயப்போட்டவருக்கு இந்தக் கணக்கை நான் விளக்கத் தேவையில்லை.

சரி, இதுவரை: மழை எண்ணின் நாள் காலை எட்டரையில் தொடங்கிக் காலை எட்டரையில் முடிகிறது. நம் நாட்காட்டி நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. செப்டெம்பரின் மழை இந்த இரண்டுக்கும் இடையில் விழுகிறது.

வெப்பத்துக்கு வேறு நேரம்

அதே வரியில் இரண்டு வெப்பநிலை இருக்கும். ஆகக் கூடியது ஒன்று, ஆகக் குறைந்தது ஒன்று. இவை ஸ்டீவன்சன் பெட்டி எனப்படும் வெள்ளை மரப்பெட்டிக்குள் அளக்கப்படுகின்றன. காற்று உள்ளே போய்வர சுற்றிலும் சாய்ந்த சட்டங்கள், நேர் வெயில் படாதபடி கூரை, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகாலிலிருந்து இரண்டு மீற்றர் உயரம். அளப்பது நிழலில் உள்ள காற்றின் வெப்பத்தை மட்டும். வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சீற்று எவ்வளவு சுட்டது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. "பதிவில் 34 என்று போட்டிருக்கிறான், எனக்குத் தெரியும் 40 இருந்தது" என்று சொல்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். கடலோர ஈரப்பதத்தில் வியர்வை காயாததால் உடம்புக்குக் கூடுதலாகத் தெரியும். அதற்குத்தான் தளங்கள் "உணரும் வெப்பம்" என்று இன்னொரு எண்ணைக் காட்டுகின்றன. அது வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துச் செய்த கணக்கு, எந்த வெப்பமானியும் அதைக் காட்டாது.

ஆகக் குறைந்த வெப்பத்தைக் காலையிலும் ஆகக் கூடியதை மாலையிலும் வாசிப்பது தெற்காசிய நிலையங்களின் பழைய வழக்கம். இப்போது மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். 20ஆம் திகதி வரியில் உள்ள மழை நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை. ஆகக் குறைந்த வெப்பம் நேற்றிரவுக்கு உரியது. ஆகக் கூடிய வெப்பம் இன்று பிற்பகலுக்கு உரியது. திகதி ஒன்று, நேரம் மூன்று.

ஆகக் குறைந்தது என்றால் விடியற்காலை என்று நினைப்பது வழக்கம். செப்டெம்பரில் அதுவும் எப்போதும் சரிவராது. இரவு எட்டு மணிக்கு ஒரு இடிமழை வந்தால் மேலிருந்து குளிர்ந்த காற்று சடாரென்று கீழே இறங்கும். வெப்பம் சில பாகை விழுந்து, மழை நின்றதும் மெல்ல ஏறும். அன்றைய ஆகக் குறைந்த எண் அந்த எட்டு மணிக்கு உரியதாக இருக்கலாம்.

கச்சான் செய்யும் வேலை

ஆகக் கூடிய வெப்பத்தை இங்கே தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டு காற்றுகளின் போட்டி. தென்மேற்குப் பருவக்காற்று தீவின் மேற்குப் பக்கத்தில் கடலிலிருந்து ஈரத்தோடு ஏறுகிறது. மலைநாட்டில் முட்டி உயர்கிறது, குளிர்கிறது, அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது அது ஈரம் இழந்த காற்று. இறங்கும் வறண்ட காற்று ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை சூடாகும். ஏறும்போது மேகம் உண்டானதால் அது அவ்வளவு வேகமாகக் குளிரவில்லை. ஆகவே ஏறும் முன் இருந்ததை விடச் சூடாக இறங்குகிறது. மலைக்கு வடக்காகச் சுற்றி வரும் பகுதியும் பல மாதம் மழை காணாத தரைக்கு மேலாக நடந்து, இன்னும் காய்ந்துதான் நம்மிடம் சேர்கிறது. இதுதான் கச்சான். உதடு வெடிக்கும், துணி அரை மணிநேரத்தில் காயும், கிணறு இறங்கும்.

எதிர்ப்பக்கத்தில் கடற்காற்று. காலையில் தரை கடலை விட வேகமாகச் சூடாகும், தரைக்கு மேல் காற்று எழும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். கச்சான் பலமாக இருந்தால் கடற்காற்றை வெளியிலேயே தடுத்து வைத்திருக்கும், வெப்பம் பிற்பகல் வரை ஏறிக்கொண்டே போகும். கச்சான் தளர்ந்த நாளில் கடற்காற்று நேரத்தோடு நுழைந்துவிடும், ஏற்றம் அங்கே நின்றுவிடும். ஆக அடுத்தடுத்த இரண்டு நாட்களில் வானம் ஒன்றுபோல் நீலமாக இருந்தாலும் பதிவில் இரண்டு மூன்று பாகை வித்தியாசம் வரும்.

மழைக்கும் இதே போட்டிதான் வழி திறக்கிறது. செப்டெம்பர் போகப் போகப் பருவக்காற்று தளர்கிறது. கடற்காற்று உள்ளே கொஞ்சத் தூரம் போய் மேற்குக் காற்றோடு மோதும். மோதும் கோட்டில் காற்று மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை. அங்கே மேகம் கட்டி எழும்பும். பெரும்பாலும் அந்தக் கோடு கரையிலிருந்து உள்நோக்கி, கந்தளாய், தம்பலகாமம் பக்கமாக இருக்கும். மேல் காற்று மேற்கிலிருந்து வந்தால் எழும்பிய மேகம் மாலையில் கரையை நோக்கித் தள்ளப்படும். சில நாள் ஊரை எட்டும், சில நாள் வழியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். கந்தளாயில் நெல் நனைந்து, நாற்பது கிலோமீற்றர் தள்ளி உப்புவெளியில் மணல் காய்ந்திருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நகரத்தின் மழைமானி நகரத்தில் விழுந்ததைத்தான் அளக்கும். மாவட்டத்துக்கே அது பேசும் என்று நினைத்தால் தவறு நம்முடையது.

வானத்தை எட்டாகப் பிரித்தல்

இப்போது "பகுதி மேகமூட்டம்". பலர் இதை மழை வரலாம் என்பதற்கான நாகரிகமான சொல் என்று நினைக்கிறார்கள். மழைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வானத்தில் எவ்வளவு பங்கை மேகம் மூடியிருக்கிறது என்பது மட்டும்தான் இது சொல்வது.

அவதானிப்பவர் மறைப்பில்லாத இடத்தில் நின்று, முழு வானக் கூரையையும் எட்டுச் சம பங்காக மனதில் பிரிக்கிறார். மேகங்களை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளி அடுக்கினால் எட்டில் எத்தனை பங்கு நிரம்பும்? அந்த எண்ணுக்கு ஒக்டா என்று பெயர். 0 என்றால் மேகமே இல்லை. 8 என்றால் நீலம் கொஞ்சமும் தெரியவில்லை. பனிமூட்டம், புகை போன்றவற்றால் வானமே தெரியாவிட்டால் 9 என்று எழுதுவார்கள். விமான நிலைய அறிக்கைகளில் இதே எண்கள் வார்த்தையாக மாறும்: 1, 2 என்றால் சில மேகம், 3, 4 சிதறிய மேகம், 5 முதல் 7 வரை உடைந்த மேகம், 8 முழு மூட்டம். இரவில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நட்சத்திரங்கள் எங்கெங்கே மறைந்திருக்கின்றன என்று பார்த்துத்தான் கணிக்கிறார்கள்.

இந்த முறையில் மூன்று விஷயங்கள் நழுவிப் போகின்றன. ஒன்று, மேகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது. செப்டெம்பர் பிற்பகலில் கோணேசர் கோயில் மலையில் நின்று பாருங்கள். கிழக்கே கடலுக்கு மேல் வானம் கழுவித் துடைத்தது போல இருக்கும், மேற்கே தரைக்கு மேல் கருமேகம் கோட்டை கட்டியிருக்கும். ஒக்டா 4. மெல்லிய பஞ்சு மேகம் வானம் முழுக்கச் சிதறிக் கிடந்தாலும் ஒக்டா 4. பதிவில் இரண்டும் ஒன்று, நிற்பவருக்கு இரண்டும் வேறு.

இரண்டு, மேகத்தின் தடிப்பு. ஏறத்தாழ 6 கிலோமீற்றருக்கு மேல் பனித்துகள்களால் ஆன நார் போன்ற மேகம் உண்டு. வெயில் அதை ஊடுருவிப் பளிச்சென்று அடிக்கும், நிழல் கூட விழும். ஆனால் வானத்தை அது மூடியிருந்தால் 8 என்றுதான் எழுத வேண்டும். செய்மதி மேலிருந்து பார்ப்பதால் இந்த நார் மேகத்தையும் பெரும்பாலும் எண்ணிவிடும். தரையில் நின்ற நாம் "நல்ல வெயில் நாள்" என்போம். வெயிலை அளக்க வேறு கருவி இருக்கிறது: ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் ஒரு அட்டை. வெயில் உருண்டையினூடாகக் குவிந்து அட்டையில் கோடாகச் சுட்டுக்கொண்டே நகரும். சுட்ட கோட்டின் நீளம் அன்றைய வெயில் நேரம். எனக்குப் பிடித்த வானிலைக் கருவி இதுதான், மின்சாரம் கூட வேண்டாம். ஒரு நாள் வெயில் நாளா என்று தெரிய வேண்டுமானால் ஒக்டாவை விட இந்த வெயில் நேரத்தைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, நாளுக்கு ஒரு படம். நிலையம் வானத்தை மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதுகிறது. தளமோ நாள் முழுவதுக்கும் ஒரே ஒரு சின்னப் படத்தைப் போடுகிறது. காலை 1, நண்பகல் 3, மாலை 7, இரவு 8 என்றால் எந்தப் படம்? ஒரு தளம் சராசரி எடுக்கும். இன்னொன்று நாளின் மோசமான நேரத்தை எடுத்து மேகமும் மின்னலும் போடும். வேறொன்று பகல் நேரத்தை மட்டும் பார்க்கும். படம் என்பது தளத்தின் தெரிவு. நிலையம் அதை வரையவில்லை.

ஆக, வானம் பற்றிய சொல் பரப்பளவைச் சொல்கிறது. திசை, தடிப்பு, மழை, வெயில் நேரம் எதையும் அது சொல்வதில்லை.

துறைமுகத்தில் எழுதிய எழுத்துகள்

திருகோணமலைக்கு இந்தக் கதையில் ஒரு தனி இடம் உண்டு. நீண்ட காலம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த துறைமுகம் இது, 1957இல்தான் இலங்கையிடம் கைமாறியது. அந்தக் கடற்படைக் கப்பல்கள் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றபோதும் குறிப்பேட்டில் காற்று, வெப்பம், வானம் ஆகியவற்றை எழுதிவந்தன. வானத்தை ஓரிரு எழுத்துகளால் எழுதும் முறையை பிரான்சிஸ் போஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி 1806இல் தன் குறிப்பேட்டில் தொடங்கினார். காற்றின் வேகத்துக்கு அவர் பெயரில் உள்ள அளவுகோலும் அப்போது வந்ததுதான். ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளையே எடுத்துக்கொண்டார். 'பீ' என்றால் நீல வானம், 'சீ' என்றால் பிரிந்து கிடக்கும் மேகம், 'ஓ' முழு மூட்டம், 'ஆர்' மழை, 'எல்' மின்னல், 'டீ' இடி. 'பீ'யும் 'சீ'யும் சேர்த்து எழுதியிருந்தால் இன்றைய "பகுதி மேகமூட்டம்" என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எழுத்துகளுக்கு ஒரு நன்மை, ஒரு குறை. சில மணிநேரத்துக்கு ஒருமுறை எழுதியதால் மழை எப்போது வந்தது என்பது தெரியும். எட்டரை மணி மழைமானியால் அதைச் சொல்ல முடியாது. எவ்வளவு பெய்தது என்பதோ அந்த எழுத்தில் கிடைக்காது.

அளந்த எண்ணும் கணித்த எண்ணும்

நாம் போனில் பார்க்கும் பழைய பதிவுகளில் பெரும்பங்கு நிலையத்தில் யாரும் அளந்தது அல்ல என்பது பலருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, பழைய நிலையப் பதிவு, கப்பல் பதிவு, பலூன், செய்மதி என்று கிடைத்ததையெல்லாம் ஒரு கணினி மாதிரிக்குள் ஊட்டி, அன்று ஒவ்வொரு கட்டத்திலும் வானிலை எப்படி இருந்திருக்க வேண்டும் என்று இயற்பியல் விதிகளை வைத்துக் கணிக்கிறார்கள். இதற்கு மறுபகுப்பாய்வு என்று பெயர். ஐரோப்பிய நடுத்தர முன்னறிவிப்பு மையத்தின் 'ஈஆர்ஏ5' 1940 முதல் உள்ளது, அதன் ஒரு கட்டத்தின் பக்கம் நம் பகுதியில் ஏறத்தாழ 28 கிலோமீற்றர். நாசாவின் 'மெரா-2' 1980 முதல் உள்ளது, அதன் கட்டம் இன்னும் பெரியது.

28 கிலோமீற்றர் கட்டம் ஒன்றைத் திருகோணமலைக்கு மேல் வைத்துப் பாருங்கள். நிலாவெளிக் கடற்கரை, உட்துறைமுகம், கன்னியா வெந்நீர் ஊற்று, உள்ளே உள்ள காடு, வெளியே உள்ள ஆழ்கடல் எல்லாம் ஒரே எண்ணுக்குள் வந்துவிடலாம். கடல் பகலில் அதிகம் சூடாகாது. ஆகவே கட்டத்தின் பகல் வெப்பம் நகரத்தில் அளந்ததை விடக் குறைவாக வரக்கூடும். மழையில் நிலைமை இன்னும் கஷ்டம். செப்டெம்பர் இடிமழை சில கிலோமீற்றர் அகலமே உள்ள சங்கதி. அது கட்டத்தின் ஒரு மூலையில் 40 மில்லிமீற்றர் கொட்டியிருந்தாலும் முழுக் கட்டத்துக்கும் பரப்பினால் இரண்டு, மூன்று என்று வந்து நிற்கும். தொடக்கத்தில் போனில் வாசித்தாரே 2.1 மில்லிமீற்றர், அப்படி ஒரு எண்ணைக் கண்டால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். அந்த 2.1 எந்த மனிதர் தலையிலும் விழாத மழையாக இருக்கலாம்.

இதற்காக மறுபகுப்பாய்வை ஒதுக்கிவிட வேண்டாம். காற்றின் திசை, அழுத்தம், பல ஆண்டுப் போக்கு ஆகியவற்றுக்கு அது மிக நல்லது. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட தெருவில் மழை பெய்ததா என்று அதனிடம் கேட்பதுதான் பிழை.

"அந்த நாளின் சராசரி"

தளங்கள் பெருமையாகக் காட்டும் இன்னொரு எண், செப்டெம்பர் 20க்கான சராசரி மழை. வானிலையில் வழக்கமான அளவு என்பதற்கு 30 ஆண்டுச் சராசரியை எடுப்பது உலக ஏற்பாடு. இப்போது நடைமுறையில் இருப்பது 1991 முதல் 2020 வரை. மாதத்துக்கு அது நன்றாக வேலை செய்யும். ஒரு தனி நாளுக்கு எடுத்தால் கையில் இருப்பது வெறும் முப்பது எண். அதில் 29 ஆண்டு ஒரு துளியும் இல்லை, ஒரு ஆண்டு மட்டும் 90 மில்லிமீற்றர் கொட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 3 மில்லிமீற்றர். 3 மில்லிமீற்றர் பெய்த ஆண்டு ஒன்றுகூட இல்லை.

இதற்குப் பதில் எத்தனை ஆண்டில் மழை நாளாக இருந்தது என்று கேட்பது பயனுள்ளது. அதிலும் கவனம் வேண்டும், மழை நாள் என்பதற்கு எல்லை ஆளுக்கு ஆள் மாறும். உலக ஏற்பாட்டில் 1 மில்லிமீற்றர், இந்திய வானிலைத் துறையில் 2.5. ஒரு தனித் திகதியை விடச் செப்டெம்பர் 15 முதல் 25 வரை எல்லா ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் கல்யாண வீட்டாருக்கு உருப்படியான விடை கிடைக்கும்.

வெற்றிடம், பூச்சியம், பழைய அலகு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதிவில் பூச்சியம் என்றால் அளந்து பார்த்தார்கள், மழை இல்லை. வெற்றிடம் என்றால் பதிவே இல்லை. தரவுக் கோப்புகளில் வெற்றிடத்தை -9999 போன்ற எண்ணால் நிரப்பி வைப்பார்கள், கவனக்குறைவான தளம் அதைப் பூச்சியமாக மாற்றிவிடும். போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கின் பல நிலையங்களில் பதிவுகள் அறுந்து கிடப்பதால் நமக்கு இது சின்ன விஷயம் அல்ல. அந்த ஆண்டுகளில் தொடர்ச்சியாகப் பூச்சியத்தைக் கண்டால் வறட்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பழைய பதிவேடுகள் அங்குலத்திலும் பரன்ஹீற்றிலும் உள்ளவை. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர். நூற்றில் ஒரு பங்கு அங்குலம் வரை அளந்ததால், மாற்றும்போது 0.25 என்ற சிறிய எண் அடிக்கடி தலைகாட்டும். அது யாரோ துல்லியமாக அளந்ததால் வந்தது என்று எண்ண வேண்டாம்.

கடிகாரமும் ஒரு முறை குழப்பியது. 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணிநேரம் முன்னால் தள்ளினார்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணிநேரம் திருப்பினார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு வந்தோம். கிரீன்விச் 3 மணி என்பது அந்தப் பத்தாண்டில் பெரும்பாலும் நம் கடிகாரத்தில் காலை 9. அக்காலத்து மணிநேரப் பதிவுகளை ஒப்பிடுபவர் இந்த அரை மணியைக் கழிக்க வேண்டும்.

ஒரு வரியைப் பிரித்து வாசிப்போம்

கற்பனையாக ஒரு வரி: "செப்டெம்பர் 20. ஆகக் கூடியது 34.2, ஆகக் குறைந்தது 24.1, மழை 18.4, வானம் பகுதி மேகம், காற்று தென்மேற்கு."

காற்று தென்மேற்கு, வெப்பம் 34ஐத் தாண்டியிருக்கிறது. கச்சான் இன்னும் விடவில்லை, கடற்காற்று பிந்தி வந்திருக்கும். ஆகக் குறைந்தது 24.1 என்பது இந்தக் காலத்துக்குச் சற்றுக் குளிர்ந்த எண். மழை 18.4 என்பதோடு சேர்த்துப் பார்த்தால் 19ஆம் திகதி மாலையோ இரவோ இடிமழை வந்து காற்றைக் குளிர்த்தியிருக்க வேண்டும். பகுதி மேகம் என்பது 20ஆம் திகதிக்கு உரியது, பகலில் வெயில் இருந்திருக்கும். அப்படியானால் 20 அன்று மாலை மழை பெய்ததா? இந்த வரி அதற்குப் பதில் சொல்லவில்லை. அதற்கு 21ஆம் திகதியின் மழையைப் பார்க்க வேண்டும்.

வழக்குக்கோ காப்புறுதிக்கோ உறுதியான பதிவு தேவைப்படுபவர்கள் இணையத்தள அச்சுப் பிரதியோடு போகாமல், வளிமண்டலவியல் திணைக்களத்திடம் விண்ணப்பித்து நிலையத்தில் அளந்த தரவையே கேட்க வேண்டும். கேட்கும்போது நிலையத்தின் பெயரையும், நாளாந்த மழையா மூன்று மணிநேரப் பதிவா என்பதையும் குறிப்பிடுங்கள். சம்பவம் நடந்த திகதியோடு அதற்கு அடுத்த திகதியையும் சேர்த்து எழுதுங்கள்.